முடிவு தெரிந்த சண்டையை எப்படிப் பார்ப்பது? ரெஸ்லிங் பற்றி ஓர் அறிமுகம்

டிவியில் ரெஸ்லிங் ஓடினால் வீட்டில் யாராவது ஒரு பெரியவர் "அட, இதெல்லாம் செட்டப்புப்பா, இதைப் போய் வாயைப் பிளந்து பாத்துக்கிட்டிருக்கான்" என்று சொல்லிவிட்டுத்தான் நகர்வார். அவர் சொல்வது சரிதான். யார் ஜெயிக்க வேண்டும் என்பது மணி அடிப்பதற்கு முன்பே முடிவாகிவிடுகிறது. ஆனால் அதே பெரியவர் பங்குனிப் பொங்கலுக்கு ஊர் மந்தையில் போட்ட வள்ளி திருமணம் நாடகத்தை விடிய விடிய உட்கார்ந்து பார்த்திருப்பார். வள்ளி கடைசியில் முருகனைத்தான் கட்டப்போகிறாள் என்று தெரிந்தேதான் துண்டை விரித்து உட்கார்ந்தார். நாரதரும் வள்ளியும் தர்க்கத்தில் ஒருவரை ஒருவர் எப்படி மடக்குகிறார்கள், ராஜபார்ட் எத்தனை கட்டையில் எடுக்கிறார், பபூன் யாரை வம்புக்கு இழுக்கிறார் என்று பார்க்கப் போனார். ரெஸ்லிங்குக்குள் நுழைய மதுரைப் பக்கத்து ஆளுக்கு இதைவிட நல்ல வாசல் கிடையாது.

இந்த ஒற்றுமை மேலோட்டமானது என்று நினைத்துவிட வேண்டாம். சங்கரதாஸ் சுவாமிகள் (1867–1922) 1918-ல் மதுரையில் தத்துவ மீனலோசனி வித்துவ பால சபாவைத் தொடங்கியவர். அவர் எழுதிய பாட்டுகளையும் நாடகங்களையும் அடித்தளமாக வைத்து இன்றும் நடக்கிற ஸ்பெஷல் நாடகத்தில் நிரந்தரக் குழு இல்லை. ராஜபார்ட் ஒரு ஊர், ஸ்திரீபார்ட் ஒரு ஊர், பபூன் வேறொரு ஊர். தனித்தனியாகப் பேசி முன்பணம் கொடுத்து அழைக்கிறார்கள். ஒத்திகை கிடையாது. அரிதாரம் பூசும் இடத்தில் நாலு வார்த்தை பேசிக்கொள்வார்கள், அவ்வளவுதான். கதை, பாட்டு வரிசை, யார் எங்கே நிற்பது என்பதெல்லாம் எல்லோருக்கும் பொதுவாகத் தெரிந்தது. எவ்வளவு நேரம் இழுப்பது, எங்கே சூடேற்றுவது என்பதை மேடையில் கூட்டத்தைப் பார்த்து முடிவு செய்கிறார்கள்.

ரெஸ்லிங்கும் இப்படித்தான் நடக்கிறது. சாயங்காலம் முதன்முதலாகக் கைகுலுக்கிய இருவர், அன்று ராத்திரியே இருபது நிமிடம் நம்பும்படியாக அடித்துக்கொள்ள முடியும்.

எது முன்பே முடிவானது?

கதையை முடிவு செய்பவருக்குப் புக்கர் என்று பெயர். யார் ஜெயிப்பது, எந்த அடியில் முடிவது, மொத்தம் எத்தனை நிமிடம், அடுத்த வாரக் கதைக்குத் தேவையான ஓரிரு முக்கியக் காட்சிகள் எவை என்பதை அவர் சொல்லிவிடுவார். கடைசி அடிக்கு ஃபினிஷ் என்று பெயர். நடுவே வருவதை எவ்வளவு தூரம் முன்கூட்டியே பேசி வைப்பது என்பது ஆளுக்கு ஆள் மாறும். ராண்டி சாவேஜ் எல்லாவற்றையும் எழுதி வைத்து, எதிராளியை வரி வரியாக ஒப்பிக்கச் சொல்பவர். 1987 மார்ச் 29 அன்று ரெஸில்மேனியா 3 என்ற பெரிய நிகழ்ச்சியில் ரிக்கி ஸ்டீம்போட்டுடன் அவர் ஆடிய ஆட்டம் அப்படித் தயாரானது. ரிக் ஃப்ளேர் நேர் எதிர். ஃபினிஷை மட்டும் தெரிந்துகொண்டு உள்ளே போய், மீதியை அங்கேயே காதோடு காதாகச் சொல்லி ஓட்டுகிற பழைய பள்ளி.

காதோடு காதாக என்றால் நிஜமாகவே காதில்தான். ஒருவர் மற்றவரின் தலையைக் கக்கத்தில் இடுக்கிப் பிடிக்கும் ஹெட்லாக் ரெஸ்லிங்கில் இவ்வளவு அடிக்கடி வருவதற்கு அதுவும் ஒரு காரணம். மூச்சு வாங்கவும், அடுத்து என்ன என்று பேசவும் அதுதான் வசதியான இடம். வாய் எதிராளியின் தோளிலோ முடியிலோ மறைந்துவிடும். வழக்கமாக வில்லன் பக்கம் ஆடுபவரே ஆட்டத்தை நடத்துவார். காரணம் எளிது: அடிப்பவர் அவர், வேகத்தை ஏற்றுவதும் இறக்குவதும் அவர் கையில் இருக்கிறது.

ஒரு சின்ன விதி பல பேருக்குத் தெரியாது. அமெரிக்கா, ஜப்பான் பக்கத்தில் பிடிகளை எதிராளியின் இடது பக்கத்தில் போடுவது மரபு: இடது கை, இடது கால், தலையை இடுக்குவதும் இடது கையால். மெக்சிகோவில் வலது பக்கம். மொழி தெரியாத இருவர் ரிங்கில் சந்தித்தாலும் கையை எந்தப் பக்கம் நீட்ட வேண்டும் என்று குழம்பாமல் இருப்பது இதனால்தான். மெக்சிகோக்காரர் அமெரிக்கா வந்தால் முதல் சில வாரம் தடுமாறுவதும் இதனால்தான்.

நடுவரைச் சும்மா நிற்கிறவர் என்று எண்ண வேண்டாம். நாடகத்தில் நடிகர் அடியை விட்டால் ஆர்மோனியக்காரர் எடுத்துக்கொடுப்பார் இல்லையா, அந்த வேலை இவருக்கு. பெரிய நிறுவனங்களில் காதில் ஒரு கருவி இருக்கும். "இன்னும் மூணு நிமிஷம்" என்று உள்ளேயிருந்து தகவல் வரும். விழுந்து கிடப்பவரைச் சோதிப்பது போலக் குனிந்து அதைச் சொல்வார். கீழே கிடப்பவர் கையை லேசாக அழுத்தினால் "நல்லாத்தான் இருக்கேன்" என்று பொருள். அழுத்தாவிட்டால் நடுவர் இரு முன்கைகளையும் தலைக்கு மேல் பெருக்கல் குறியாகப் பிடிப்பார். காயம் நிஜம், ஆட்களை அனுப்புங்கள் என்ற செய்தி அது. (நாளடைவில் ரசிகர்களுக்கும் இது தெரிந்துவிட்டதால், இப்போது கதைக்காகவும் சில நேரம் அந்தக் குறியைப் போட்டு ஏமாற்றுகிறார்கள்.)

வெளியே தெரிகிற விதிகள் கொஞ்சம்தான். இரண்டு தோளும் தரையில் படிய மூன்று எண்ணினால் வெற்றி. பிடி தாங்காமல் தட்டினால் தோல்வி. கயிற்றைத் தொட்டால் பிடியை ஐந்து எண்ணுவதற்குள் விட வேண்டும். ரிங்குக்கு வெளியே பத்து எண்ணும் வரை இருந்தால் தோல்வி, ஜப்பானின் சில நிறுவனங்களில் இருபது. வெளியே நின்றோ, விதி மீறியோ தோற்றால் பொதுவாக சாம்பியன் பெல்ட் கைமாறாது. இந்தக் கடைசி விதி வில்லன் சாம்பியனுக்கென்றே செய்தது போல இருக்கும்: தோற்கப்போகிறோம் என்று தெரிந்தால் வேண்டுமென்றே நாற்காலியை எடுத்து அடித்துவிட்டு பெல்ட்டோடு வீட்டுக்குப் போய்விடுவார்.

நிஜ மல்யுத்தம் ஏன் போதவில்லை?

இதற்குப் பதில் சொல்ல நம் நாட்டுக்காரர் ஒருவரின் கதையே போதும். 1910 செப்டம்பர் 10 அன்று லண்டனில், மாபெரும் பயில்வான் காமாவும் போலந்துக்காரர் ஸ்பிஸ்கோவும் மோதினார்கள். ஆரம்பத்திலேயே காமா அவரைத் தரைக்குக் கொண்டுவந்துவிட்டார். அதன்பின் ஸ்பிஸ்கோ குப்புறப் படுத்துக்கொண்டு எழவே மறுத்தார். இரண்டரை மணி நேரத்துக்கு மேல் அப்படியே போய், ஆட்டம் முடிவில்லாமல் நின்றது. டிக்கெட் வாங்கி வந்தவர் நிலையை நினைத்துப் பாருங்கள். அடுத்த வாரம் வைத்த மறு ஆட்டத்துக்கு ஸ்பிஸ்கோ வரவே இல்லை. 1928-ல் பாட்டியாலாவில் இருவரும் மறுபடி மோதியபோது காமா ஒரு நிமிடம்கூட எடுத்துக்கொள்ளவில்லை. இரண்டுமே மல்யுத்தம்தான். ஆனால் ஒன்று முடியவே இல்லை, இன்னொன்று உட்காருவதற்குள் முடிந்துவிட்டது. இதை நம்பி அரங்கம் வாடகைக்கு எடுக்க முடியாது.

அமெரிக்காவில் ஊர் ஊராகப் போன திருவிழாக் கொட்டகைகளில் முன்பே பேசிவைத்து ஆடும் பழக்கம் இருந்தது. 1920-களில் எட் லூயிஸ், பில்லி சாண்டோ, டூட்ஸ் மாண்ட் என்ற மூவர் நேர வரம்பு, வேகமான பிடிகள், பரபரப்பான முடிவு என்று அதை ஒரு தொழிலாக ஒழுங்குபடுத்தினார்கள்.

உண்மையை வெளியில் சொல்லாமல் காப்பதற்குத் தொழில்காரர்கள் வைத்த பெயர் கேஃபேப். மேடையில் எதிரிகள் என்றால் வெளியிலும் ஒரே ஓட்டலில் சாப்பிடக் கூடாது, ஒரே காரில் போகக் கூடாது. 1987-ல் கதைப்படி பரம எதிரிகளான ஜிம் டக்கனும் அயர்ன் ஷேக்கும் நியூ ஜெர்சியில் ஒரே காரில் போலீஸிடம் சிக்கியபோது, மற்றக் குற்றச்சாட்டுகளோடு "இவங்க ரெண்டு பேரும் எப்படி ஒண்ணா?" என்பதும் தலைப்புச் செய்தி ஆனது. இருவருக்கும் வேலை போனது. இரண்டே வருடத்தில், 1989-ல், வின்ஸ் மக்மானின் நிறுவனமே (இன்றைய டபிள்யூ.டபிள்யூ.ஈ.) அதே நியூ ஜெர்சியின் செனட்டில் இது போட்டி விளையாட்டு அல்ல, பொழுதுபோக்கு என்று ஒப்புக்கொண்டது. ரகசியத்தை உடைத்தது எந்தப் பத்திரிகையும் இல்லை. விளையாட்டு ஆணையத்தின் கட்டுப்பாடும் வரியும் வேண்டாம் என்ற கணக்கு. கூட்டம் குறைந்ததா என்றால் இல்லை.

ரிங்: பஞ்சு மெத்தை இல்லை

இனி உடம்பு சமாச்சாரம். "பொய்" என்ற சொல் தடுக்கி விழுகிற இடம் இதுதான்.

டபிள்யூ.டபிள்யூ.ஈ. ரிங் பக்கத்துக்கு 20 அடி. சின்ன நிறுவனங்கள் 16, 18 அடியோடு நிறுத்திக்கொள்ளும். நான்கு மூலையில் இரும்புத் தூண், இடையே இரும்புச் சட்டம், அதன்மேல் மரப்பலகை, பலகை மேல் சுமார் ஓர் அங்குல ஃபோம், அதற்கும் மேல் இறுக்கிக் கட்டிய கித்தான். அவ்வளவுதான். பலகை நடுவில் கொஞ்சம் வளைந்து கொடுக்கும். சில ரிங்குகளில் அடியில் ஒரு ஸ்பிரிங்கும் உண்டு. கீழே வெற்றிடம் என்பதால் விழும்போது 'டமார்' என்று அதிரும். பாதி சத்தம் அங்கிருந்து வருகிறது. ஓரத்துக்குப் போகப் போக வளைவு குறையும். கயிற்றுக்கு வெளியே நீட்டிக்கொண்டிருக்கும் விளிம்புதான் ரிங்கிலேயே கடினமான இடம், ஏனென்றால் பலகைக்கு நேர் கீழே இரும்பு. அந்த விளிம்பில் யாராவது விழுந்தால் ஆட்டக்காரர் முகத்தில் தெரியும் வேதனையை நடிப்பு என்று சொல்லத் தயங்குங்கள்.

கயிறும் அப்படித்தான். டபிள்யூ.டபிள்யூ.ஈ. நிஜக் கயிற்றின் மேல் டேப் சுற்றுகிறது. பல நிறுவனங்கள் இரும்புக் கம்பிவடத்துக்கு மேல் ரப்பர்க் குழாய் போட்டு வைக்கின்றன. கயிற்றில் ஓடி மோதித் திரும்பும்போது முதுகின் மேல்பகுதி பட வேண்டும், ஒரு கை மேல்கயிற்றைப் பிடித்திருக்க வேண்டும். புதிதாகக் கற்பவருக்கு முதல் வாரமே கக்கத்திலிருந்து விலா வரை கன்றிப்போகும். பிடிக்காமல் ஓடினால், கயிறு தளர்ந்த நாளில் நேராக வெளியே போய் விழலாம்.

விழுவதற்குப் பம்ப் என்று பெயர். பயிற்சிக்கூடத்தில் முதலில் சொல்லித்தருவது இதை, அடிக்கிறதை இல்லை. முதுகில் விழும் அடிப்படைப் பம்ப் இப்படிப் போகும்: குத்துக்கால் போட்டு உட்கார்ந்த நிலையில் தொடங்குவார்கள். தாடையை நெஞ்சோடு அழுத்திக்கொள்ள வேண்டும். கையை உடம்பிலிருந்து 45 டிகிரி அளவு விரித்து, உள்ளங்கை கீழே பார்க்க வைத்துக்கொண்டு பின்னால் சாய வேண்டும். மேல்முதுகும் இரு கைகளும் ஒரே நேரத்தில் தரையைத் தொட வேண்டும், அந்த நொடியில் மூச்சை வெளியே விட வேண்டும். அடி ஒரே புள்ளியில் இறங்காமல் அகலமாகப் பரவிவிடும். உட்கார்ந்து பழகியபின் அரைநிலையில், பிறகு நின்று, பிறகுதான் இன்னொருவர் தூக்கிப் போட.

தவறுவது நான்கு இடத்தில். தாடையை மறந்தால் பின்மண்டை தரையில் அடிபட்டு மூளை அதிரும். பயத்தில் கையைப் பின்னால் ஊன்றினால் மணிக்கட்டோ முழங்கையோ போகும். முதலில் உட்காருமிடம் பட்டால் வால் எலும்பிலிருந்து கழுத்து வரை ஒரே உதை. மூச்சை அடக்கி வைத்திருந்தால் எலும்பு தப்பினாலும் அரை நிமிடம் பேச்சு வராது.

வைகை மணலிலும், ஹாஸ்டல் அறையில் இரண்டு மெத்தையைச் சேர்த்துப் போட்டும் கழுத்தைப் பிடித்துத் தூக்கிப் போடும் சோக்ஸ்லாம் போட்டுப் பார்க்கிற பையன்களுக்கு இதைச் சொல்லியாக வேண்டும். சிமென்ட் தரையில் கிடக்கும் இலவம்பஞ்சு மெத்தை அமுங்கும், வளையாது. அமுங்கி முடிந்ததும் அடியில் இருப்பது சிமென்ட்தான். ஆற்று மணல் காலுக்குத்தான் மெத்து. படுத்த வாக்கில் உடம்பு விழும்போது கெட்டித்துத் தடுக்கும், கழுத்து ஒரு பக்கம் புதைந்து திரும்பிவிடும். ரிங்கில் அடியை வாங்கிக்கொள்வது பலகையின் வளைவும் பல மாதப் பழக்கமும். இரண்டும் இல்லாமல் தூக்குவது மட்டும் நடந்தால் ஆஸ்பத்திரிதான்.

அடியில் எது நிஜம்?

குத்து பெரும்பாலும் ஏமாற்று. முஷ்டியைத் தளர்வாகப் பிடித்து, முன்கையாலோ கையின் பக்கவாட்டாலோ உரசுகிற மாதிரி போடுவார்கள். அதே கணத்தில் காலால் பலகையை உதைப்பதால் சத்தம். காலைத் தூக்கித் தாடையில் உதைக்கும் சூப்பர்கிக்கில் கையால் தன் தொடையைத் தட்டுவார்கள். ஒருமுறை கவனித்துவிட்டால் பிறகு கண் அங்கேயே போகும். அதற்கு இந்தக் கட்டுரையைத் திட்டக் கூடாது. நெஞ்சில் திறந்த கையால் அடிக்கும் சாப் மட்டும் நிஜமான அடி. அதை நடிக்க வழி இல்லை. ஐந்தாவது அடிக்குள் நெஞ்சு சிவந்து விரல் தடம் தெரியும். கணக்குத் தவறி நிஜமாகவே பலமாகப் பட்டுவிட்டால், வாங்கியவர் கொஞ்ச நேரத்தில் அதே பலத்தில் ஒன்று திருப்பிக் கொடுப்பார். அதற்கு ரிசிப்ட் என்று பெயர். கொடுத்ததும் கணக்கு நேராகிவிடும், உள்ளே போய்ச் சண்டை கிடையாது.

தூக்கிப் போடும் அடிகளில் பாதி உழைப்பு தூக்கப்படுபவருடையது. பாடிஸ்லாமை எடுத்துக்கொள்வோம். அடிப்பவர் ஒரு கையை எதிராளியின் காலிடையிலும் மறுகையைத் தோளுக்கு மேலாகவும் கொடுக்கிறார். அந்த நேரத்தில் தூக்கப்படுபவர் சின்னதாக ஒரு குதி குதிக்கிறார், கையை அடிப்பவரின் தொடையில் ஊன்றித் தன் எடையில் ஒரு பங்கைத் தானே தாங்கிக்கொள்கிறார். மேலே போனதும் உடம்பை விறைப்பாக வைத்துக்கொள்கிறார். இறக்கும்போது அடிப்பவர் தட்டையாக இறக்க வேண்டும், விழுபவர் மேலே சொன்ன பம்ப்பைப் போட வேண்டும். குதி தாமதமானால் 110 கிலோவும் பிணக்கனமாக அடிப்பவர் இடுப்பில் ஏறும். பாதி திருப்பலில் விட்டுவிட்டால் விழுபவர் தோளில் இறங்குவார். எதிரியைத் தூக்கி எறிகிற காட்சி என்று நாம் பார்ப்பது, எதிரியைப் பத்திரமாக இறக்குகிற வேலை.

அது தவறினால் என்ன ஆகும் என்பதற்கு 1997 ஆகஸ்ட் 3, சம்மர்ஸ்லாம் ஆட்டம் சாட்சி. ஓவன் ஹார்ட், ஸ்டீவ் ஆஸ்டினைத் தலைகீழாகப் பிடித்து பைல்டிரைவர் போட்டார். தலை தொடைகளுக்கு நடுவே பத்திரமாக இருந்து, தரைக்குச் சில அங்குலம் மேலேயே நின்றுவிட வேண்டும். அன்று ஓவன் உட்கார்ந்தவாறு இறங்கினார். ஆஸ்டினின் தலை தொடைக்குக் கீழே நீண்டிருந்தது. முழு எடையும் கழுத்தில் இறங்கி, சில நிமிடம் கை கால் அசையவில்லை. ஆனால் ஃபினிஷ்படி ஜெயிக்க வேண்டியவர் ஆஸ்டின். ஓவன் உடனே கூட்டத்தின் பக்கம் திரும்பி, கையை ஆட்டி வம்பு வளர்த்து நேரம் கடத்தினார். ஆஸ்டின் தவழ்ந்து வந்து பின்னாலிருந்து ஒப்புக்கு ஒரு பிடி போட, ஓவன் தானே சாய்ந்து படுத்து மூன்று எண்ணும் வரை கிடந்தார். அந்த ஒன்றிரண்டு நிமிடத்தை மட்டும் யூடியூபில் பாருங்கள். பழைய காயங்களோடு அந்தக் கழுத்தும் சேர்ந்துகொள்ள, ஆஸ்டின் 2003-ல் முழுநேர ஆட்டத்தை விட்டார்.

நம்பிக்கை உடைந்த நாளும் ஒன்று உண்டு. 1997 நவம்பர் 9, மான்ட்ரியல். நிறுவனத்தை விட்டுப் போகவிருந்த பிரெட் ஹார்ட்டிடம் ஒரு முடிவைச் சொல்லிவிட்டு, ஷான் மைக்கேல்ஸ் பிடி போட்டிருந்த கணத்தில், பிரெட் தட்டாமலே மணி அடிக்கச் சொன்னார் மக்மான். இன்றுவரை தொழிலில் துரோகத்துக்கு உதாரணம் அது. பேசிவைத்ததை மீறி நிஜமாக நடப்பதற்கு ஷூட் என்று பெயர், பேசிவைத்தது வொர்க்.

நாற்காலி நிஜ இரும்பு மடக்கு நாற்காலி. உட்காரும் தட்டையான பகுதி, முதுகின் தட்டையான பகுதியில் பட வேண்டும், விளிம்பு படக் கூடாது. தலையில் அடிப்பதை மூளைக் காயம் காரணமாக டபிள்யூ.டபிள்யூ.ஈ. 2010-ல் தடை செய்தது. மேசை மெல்லிய பலகை, நடுவே தாங்குசட்டம் இருக்காது. சில நாள் அது உடையாமல் உதைத்துத் தள்ளும். அன்றைக்குத்தான் நிஜ வலி. ரத்தமும் நிஜ ரத்தம்தான். டேப்பில் மறைத்த பிளேடுத் துண்டால் நெற்றியில் தானே கீறிக்கொள்வது பழைய முறை. நெற்றித் தோலில் சின்னக் கீறலுக்கே நிறைய வரும், வியர்வையோடு கலந்து முகம் முழுக்க வழியும். 2008-ல் நிகழ்ச்சி குழந்தைகளும் பார்க்கும் வகைக்கு மாறியதிலிருந்து டபிள்யூ.டபிள்யூ.ஈ. அதைப் பெரும்பாலும் கைவிட்டது. மற்ற நிறுவனங்களில் இன்னும் உண்டு.

ஆட்டத்தின் நடை

நல்லவர் பேபிஃபேஸ், சுருக்கமாக ஃபேஸ். கெட்டவர் ஹீல். பன்னிரண்டு நிமிட ஆட்டம் என்றால் முதல் இரண்டு மூன்று நிமிடம் ஃபேஸ் கை ஓங்கும், கூட்டம் நிமிரும். பிறகு ஹீல் ஏதோ ஒரு தில்லுமுல்லு செய்து ஆட்டத்தைத் திருப்புவார்: கண்ணில் விரல், நடுவர் திரும்பியிருக்கையில் ஓர் உதை. அடுத்த ஐந்து நிமிடம் ஹீல் ஒரே இடத்தில், முழங்கால் என்றால் முழங்காலிலேயே, போட்டுத் தாக்குவார். நடுநடுவே ஃபேஸ் எழுவது போல எழுந்து மறுபடி விழுவார். அரங்கம் காலால் தட்ட ஆரம்பித்ததும் எழுச்சி, கடைசி ஒரு நிமிடம் முடிவு. ஹீலின் வேலை ஜெயிப்பது அல்ல. "டேய் ரெஃப்ரி, பின்னாடி பாருடா!" என்று நம்மைக் கத்தவைப்பது. நல்ல ஹீல் கிடைக்காத ஃபேஸுக்கு எழுந்து நிற்க இடமே இருக்காது.

அடி வலிப்பது போலக் காட்டுவதற்கு செல் என்று பெயர். ஐந்து நிமிடம் முழங்காலில் அடி வாங்கியவர் எழுச்சியில் ஓடிக் குதித்தால், பார்ப்பவனுக்கு முன்னால் நடந்த எல்லாமே வீணாகிவிடும். நொண்டிக்கொண்டே ஜெயிக்க வேண்டும். செல் செய்யாமல் இருப்பதும் ஓர் ஆயுதம், அதைக் கஞ்சத்தனமாகச் செலவழிக்க வேண்டும். 1990 நவம்பரில் சர்வைவர் சீரிஸில் அறிமுகமான அண்டர்டேக்கரின் ரகசியமே அதுதான். எவ்வளவு அடித்தாலும் முகம் மாறாது. மல்லாக்கக் கிடந்தவர் இடுப்பிலிருந்து நேராக எழுந்து உட்காருவார். கேபிள் டிவி வந்த காலத்தில் நம் தெருப் பையன்கள் "அண்டர்டேக்கருக்கு ஏழு உசுரு" என்று சத்தியம் செய்தது அந்த ஒரு அசைவை நம்பித்தான். அதே பையன்கள் ரேங்க், ஹைட், வெயிட், செஸ்ட், பைசெப்ஸ் என்று பந்தயம் கட்டி ஆடிய சீட்டுகளில் இருந்த அளவுகளும் வேடத்தின் பகுதிதான். ஆண்ட்ரே தி ஜெயன்டின் 7 அடி 4 அங்குலம் உட்பட, அறிவிக்கும் உயரத்தையும் எடையையும் கொஞ்சம் தள்ளுபடி செய்தே எடுத்துக்கொள்ள வேண்டும்.

கையால் அடிப்பது போல வாயால் அடிப்பதும் தொழில். மைக்கைப் பிடித்துச் சவால் விடுவதற்கு ப்ரோமோ என்று பெயர். யாரோடு சண்டை, எதற்காக, எப்போது என்ற மூன்றும் இரண்டு நிமிடத்துக்குள் வந்துவிட வேண்டும். கேட்டு முடித்தவன் டிக்கெட் வாங்க எழ வேண்டும். வள்ளி தர்க்கத்தை ரசித்த காதுக்கு இது புதிதாக இருக்காது. வார்த்தைக்கு வார்த்தை மடக்குவது, கூட்டத்திலிருந்து வந்த கத்தலை எடுத்து எதிராளி மேல் வீசுவது எல்லாம் அதே வித்தை.

மெக்சிகோவில் ரெஸ்லிங்குக்கு முகமூடி உண்டு. அங்கே முகமூடியைப் பந்தயம் வைத்துத் தோற்றால் முகம் மட்டுமல்ல, பெயரும் வெளியாகிவிடும். முகமூடி வீரர் எல் சாண்டோ 1984-ல் இறந்தபோது முகமூடியோடுதான் அடக்கம் செய்தார்கள். நம் பக்கத்தில் தாரா சிங். 1968-ல் பம்பாயில் அமெரிக்கர் லூ தெஸைத் தோற்கடித்தவர், பிறகு தூர்தர்ஷன் ராமாயணத்தில் அனுமன். "பெரிய தாராசிங்குன்னு நெனப்பு" என்று இன்னும் திட்டுகிறோம், ஆள் யார் என்று தெரியாத பிள்ளைகள்கூட. 2007-ல் இமாச்சலத்துக்காரர் கிரேட் காளி டபிள்யூ.டபிள்யூ.ஈ.யின் உலக ஹெவிவெயிட் பெல்ட்டை வாங்கினார். ஆட்ட நுணுக்கத்துக்காக அவரைப் பார்க்க வேண்டியதில்லை. அந்த உருவம் நடந்து வருவதே காட்சி.

எதிலிருந்து தொடங்குவது?

வாராந்திர நிகழ்ச்சியில் நேராகக் குதிக்க வேண்டாம், கதை நடுவிலிருந்து வரும், தலையும் வாலும் புரியாது. முதலில் மேலே சொன்ன சாவேஜ்–ஸ்டீம்போட். கால் மணி நேரத்துக்குள் முடிந்துவிடும். அடுத்து 1997 மார்ச் 23, ரெஸில்மேனியா 13-ல் பிரெட் ஹார்ட்–ஸ்டீவ் ஆஸ்டின். உள்ளே வரும்போது பிரெட் நல்லவர், ஆஸ்டின் கெட்டவர். முகமெல்லாம் ரத்தமாக, பிடியில் தட்டாமலே ஆஸ்டின் மயங்குகிறார். விழுந்து கிடப்பவரைப் பிரெட் விடாமல் மேலும் அடிக்கிறார். வெளியே போகும்போது இருவரும் இடம் மாறியிருக்கிறார்கள்.

மூன்றாவது 2002 மார்ச் 17, டொரன்டோவில் ஹல்க் ஹோகன்–தி ராக். கதைப்படி ஹோகன் வில்லன். கூட்டம் அதை ஏற்க மறுத்து, முதல் தள்ளலிலிருந்தே ஹோகனுக்குக் கத்துகிறது. இருவரும் அதைக் கேட்டு ஆட்டத்தின் நடுவிலேயே நடையை மாற்றுகிறார்கள். ராக் கொஞ்சம் கெட்டவராக ஆடத் தொடங்குகிறார். ஜெயிப்பது மட்டும் முன்பே சொன்னபடி ராக்தான். இதை இரண்டு தடவை பார்க்க வேண்டும். முதல் தடவை சத்தத்தை நன்றாக வைத்து. இரண்டாம் தடவை சத்தத்தை அணைத்துவிட்டு, அடிப்பவரை விட்டுவிட்டு அடி வாங்குபவரின் கையை மட்டும் பாருங்கள்: எப்போது தொடையில் ஊன்றுகிறது, எப்போது விரிகிறது, ஹெட்லாக்கில் எப்போது அழுத்துகிறது என்று.